கித்துல்கலையில் ஒரு சிற்றாந்தை

கொட்டாஞ்சேனைக்கு வடக்கே, முகத்துவாரத்துக்கு அண்மையில், களனி கங்கை கடலோடு கலக்கின்றது. அங்கே கலங்கி அகன்று கிடக்கும் அவ்வாற்றின் மேற்புறத்தை நாடி அவிசாவளை வழியே பஸ்ஸிற் சென்றால், கொழும்பிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீற்றரில் கித்துல்கலை வரும். 1957இல் வெளிவந்த, குவாய் நதிப் பாலத்தைப் பற்றிய ஆங்கிலப் படம் எடுக்கப்பட்ட ஊர் என்றே பலர் அதனை அறிவர். நாம் சென்றதோ ஓர் ஆந்தையைக் காண்பதற்கு.

1995இல் இவ்வூர்க் காட்டில் தீபால் வரக்காகொட என்னும் பறவை ஆய்வாளர் இரவிலே ஒரு குரலைக் கேட்டார். பறவைக் குரல்களில் நன்கு பழகிய அவர் செவிக்கு அது புதியது. குரலுக்குரிய பறவையைக் கண்ணாற் காண 2001 ஜனவரிவரை அவர் காத்திருக்க நேர்ந்தது. கண்டது சிங்கராஜ வனத்தில். 2004இல் அது புதிய இனமென உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இலங்கையில் இத்தகைய கண்டுபிடிப்பு நிகழ்ந்ததில்லை. 1970களில் ஒட்டுப்பலகைக்காகச் சிங்கராஜ மரங்கள் வெட்டப்பட்டபோது அதனை எதிர்த்து நின்ற திலோ ஹொப்மன் அவர்களின் பெயரே இதன் விஞ்ஞானப் பெயரில் உள்ளது. அன்று காடு அழிந்திருப்பின் பெயரிடுவதற்குப் பறவை இருந்திருக்குமோ என்பது ஐயமே. பொதுவழக்கில் இது செரண்டிப் ஆந்தை.

ஆற்றைக் கடந்து, காட்டோரத்து வீடொன்றில் இராத் தங்கினோம். ஆந்தை எத்தனை முறை அலறியதென எண்ணிப் பலன் சொல்லும் பாட்டிமார் நம் வீடுகளில் உண்டு. அவர்கள் இதனிடம் பொறுமை இழந்துவிடுவர். மெல்ல நடுங்கும் ஒரேயொரு சிற்றொலி, பின்னர் நெடிய மௌனம், மறுபடி ஒன்று. தவளையோ என மயங்குதல் எளிது.

காலையில் வழிகாட்டி முன்னே புகுந்து, நெடுநேரம் தேடி, மூங்கிற் புதரொன்றைச் சுட்டினார். அவர் விரல் நேரே நோக்கியும் சருகையன்றி நாம் வேறொன்றுங் காணவில்லை. பின்பு அச்சருகு கண் திறந்தது! உடல் ஒரு சாணுங் கூட இராது. செம்பழுப்பு நிறம், கரும்புள்ளிகள். மற்றைய சிற்றாந்தைகளுக்குள்ள கொம்புபோன்ற இறகுகள் இதற்கில்லை.

பதிவுசெய்த குரலைக் கைத்தொலைபேசியில் ஒலிக்கச்செய்து இதனை அழைப்பாரும் உளராம். அயலான் வந்தானென்று எண்ணும் பறவை, இரைதேடுவதை விட்டு விடைகொடுத்தே களைக்கும். முதல்நாள் இரவு அவ்வாறு செய்யலாமா என்று எம்முடன் வந்த மாணவன் ஒருவன் வினவியபோது, வழிகாட்டி தலையசைத்து மறுத்துவிட்டார். இப்பொழுது அவன் குரலடக்கி, படம் எடுக்கவும் மறந்து நின்றான். பத்து நிமிடங்களில் மழை பிடித்தது. நாம் குடையின்றித் திரும்பினோம், ஆந்தை அசையவில்லை.