முட்டை மிதக்கும் நேரம்

காரைக்காலில் வளர்ந்தவர்களுக்குக் காரைக்கால் அம்மையாரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பாரதியார் சாலையில் அவருக்குத் தனிக்கோயில் இருக்கிறது. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள். கீழே எத்தனையோ கைகள் அதற்காக நீளும். அவர் பாடிய அற்புதத் திருவந்தாதி எனக்கு நெடுநாள் பக்தி நூலாக மட்டுமே இருந்தது. என் தொழில்தான் அதன் கட்டுமானத்தைப் பார்க்க வைத்தது.

பாடம் வடிவமைப்பது என் வேலை. இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர் என்பார்கள். கைபேசியில் ஒரு நிமிடம், மூன்று நிமிடம், மிஞ்சிப்போனால் ஐந்து நிமிடம் ஓடும் சிறு பாடங்களை எழுதுகிறேன். துறையில் இதற்கு மைக்ரோலேர்னிங் என்று பெயர். நாற்பது பக்கக் கையேடு ஒன்று வந்து சேரும். கூடவே ‘இதைச் சின்னச் சின்னதாக ஆக்கிக் கொடுங்கள்’ என்ற கோரிக்கையும் வரும். அதைப் பத்தாக அரிந்து கொடுத்தால் போதும் என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். அரிந்தால் பத்துத் துண்டுகள் கிடைக்கும். ஒரு பாடம்கூடக் கிடைக்காது.

அம்மையாரின் அந்தாதியில் 101 வெண்பாக்கள். ஒவ்வொன்றும் நாலே அடி. எந்த ஒன்றைத் தனியே எடுத்தாலும் அது முழுதாக நிற்கிறது. ஆனால் ஒன்று முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்குகிறது. மனப்பாடம் செய்பவர் அடுத்த பாட்டு எதுவென்று தேடி நிற்க வேண்டியதில்லை, நாவில் இருப்பதே அதை எடுத்துக் கொடுத்துவிடும். கடைசி வெண்பா முதல் வெண்பாவின் தொடக்கத்தில் போய்ச் சேர்வதால், எந்த இடத்தில் விட்டாலும் அங்கிருந்தே பிடித்துக்கொண்டு சுற்றி வரலாம். ஏடும் எழுத்தாணியும் எல்லார் கையிலும் இல்லாத காலத்தில் நூறு பாட்டை நினைவில் நிறுத்தும் வழி இது. தனியே நிற்கவும் வேண்டும், அடுத்ததை அழைக்கவும் வேண்டும். இந்த இரண்டும் கூடிவந்தால்தான் ஒரு சிறு பாடம் தேறியது என்று சொல்வேன்.

எங்கள் துறையில் ஒரு கணக்கு வெகுநாளாகச் சுற்றி வருகிறது: மனிதரின் கவனம் எட்டு நொடிக்குச் சுருங்கிவிட்டது, தங்கமீனுக்குக்கூட ஒன்பது நொடி உண்டு என்று. 2015 வாக்கில் பரபரப்பாகப் பரவிய இந்தக் கணக்குக்கு உருப்படியான ஆய்வு எதுவும் அடியில் இல்லை. ஆனாலும் பயிற்சி விளக்கங்களில் இன்னும் அதைப் போட்டுக் காட்டுகிறார்கள். எனக்கு இதில் கோபமே உண்டு. விடிய விடிய நாடகம் பார்க்கிறவர்கள், வலையின் கிழிசலைக் கண்ணி கண்ணியாகப் பார்த்து மணிக்கணக்கில் முடிகிறவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களிடம் கவனம் குறையவில்லை, நேரம்தான் குறைவு. கற்பவரின் புத்தி சிறியது என்று நினைத்து எழுதினால் பாடம் வெறும் மினுக்காகிவிடும். நேரம் சிறியது என்று உணர்ந்து எழுதினால் பாடத்தில் மரியாதை வந்துவிடும்.

நம்பத் தகுந்த ஆய்வுகளும் இருக்கின்றன. 2014-ல் பிலிப் குவோ குழுவினர் எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தில் 69 லட்சம் காணொளிப் பார்வைகளை ஆராய்ந்து, ஆறு நிமிடத்துக்குள் அடங்குபவையே அதிகம் பார்க்கப்படுகின்றன என்று கண்டார்கள். பார்ப்பது வேறு, கற்பது வேறு என்பதால் அந்த எண்ணை நான் அளவோடுதான் எடுத்துக்கொள்கிறேன். அதைவிடப் பயன்படுவது ஜெர்மானியர் எபிங்ஹவுஸ் 1885-ல் வெளியிட்டது. பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறோம் என்று அளந்தவர் அவர். மறதி முதல் சில மணி நேரத்திலேயே பாய்ந்து வருகிறது, பிறகு மெதுவாகிறது. ஆகவே திரும்பச் சொல்ல வேண்டிய நேரம், கற்ற சூடு ஆறுவதற்குள். ஆத்திசூடியை ஒற்றை வரிகளாகச் சொல்லிக்கொடுத்து, நேற்றைய பாடத்தை ஒப்பித்த பிறகே இன்றையதைத் தொட்ட திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் இதைப் பழக்கத்திலேயே வைத்திருந்தார்.

இந்தத் தொழிலில் நான் உயர்வாக மதிக்கும் முயற்சி நடந்தது தேனி மாவட்டத்தில். காமன்வெல்த் ஆஃப் லேர்னிங் என்ற பன்னாட்டு அமைப்பு, உழவர்களுக்கான வாழ்நாள் கல்வித் திட்டத்தைத் தமிழ்நாட்டில் தொடங்கியது 2004-ல். அந்தத் திட்டத்தின் கீழ், போடி பக்கத்தில் ‘விடியல்’ என்ற அமைப்பைச் சேர்ந்த பெண்கள், ஆடு வளர்க்க வங்கிக் கடன் கேட்டபோது, ஆட்டோடு சேர்த்துக் கைபேசிக்கும் கடன் கேட்டார்கள். இஃப்கோ கிசான் சஞ்சார் என்ற நிறுவனத்தின் வழியாக அந்தக் கைபேசிகளுக்கு ஒரு நிமிட அளவிலான குரல் செய்திகள் வந்தன. எந்த நோய்க்கு என்ன அறிகுறி, தீவனம் எப்படி, வாங்கும்போது எந்த ஆட்டைப் பார்ப்பது என்று ஆட்டைப் பற்றியே பேசின. எழுத்துப் பழக்கம் இல்லாதவர்களும் மேய்த்தபடியே கேட்டார்கள்.

இங்கே கைபேசியையோ ஒரு நிமிடத்தையோ நான் வியக்கவில்லை. பாடத்தில் பேசப்படும் ஆடு கேட்பவரின் கண்ணெதிரே மேய்கிறது. அது செத்தால் கடன் அவர் தலையில். பாடத்தின் ஆர்வத்தைக் கூட்ட அங்கே புள்ளிகளும் பதக்கங்களும் தேவைப்படவில்லை. என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது அந்தப் பதக்கங்களைத்தான். நான் முதலில் கேட்பது, இதைக் கற்பவர் நாளைக் காலையில் எதைக் கையில் எடுப்பார் என்பதை.

எங்கள் பகுதி காவிரியின் கடைமடை. அரசலாறும் நாட்டாறும் திருமலைராயன் ஆறும் கொண்டுவரும் தண்ணீர் எங்களுக்குப் பிறகு கடலுக்குத்தான் போக வேண்டும். இங்குள்ள உழவர் குழு ஒன்றுக்காகச் சம்பா விதை நேர்த்தியைக் குரல் பாடங்களாக எழுதியபோது, மேலே சொன்னதெல்லாம் ஒரு கோழிமுட்டையில் வந்து நின்றது.

விதைநெல்லில் பொக்கைப் பிரிக்க உப்புக் கரைசல் வேண்டும். பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரைக் கிலோ உப்பு என்பது கணக்கு. உப்பை நிறுக்கத் தராசு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. புது முட்டையைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். உப்பைக் கரைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மேலே வந்து, நாணய அளவுக்கு ஓட்டைக் காட்டி மிதக்கும். அப்போது கரைசல் தயார். விதையைக் கொட்டினால் பொக்கு மிதக்கும், திரண்ட மணி அடியில் தங்கும். முதல் பாடம் இவ்வளவே. ஒரு நிமிடம் போதும், ஏனென்றால் முட்டையே மீதியைச் சொல்லிவிடுகிறது.

அந்த முதல் பாடத்தைக் குழுவில் போட்டுக் காட்டினோம். எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் கேட்டு முடித்ததும், “ஏம்மா, மிதக்குறத அள்ளிப் போட்டாச்சு. அடியில கெடக்குறத அப்படியே தெளிச்சுப்புடலாமா?” என்றார். தெளிக்கக் கூடாது, இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலச வேண்டும், உப்பு தங்கினால் முளைப்பு கெடும். அவர் கேள்வியை அவர் குரலிலேயே பதிவு செய்து முதல் பாடத்தின் முடிவில் வைத்தோம். இரண்டாம் பாடம் அதற்குப் பதிலோடு தொடங்கியது. அலசிய விதையை என்ன செய்வது என்ற கேள்வியோடு அது முடிந்தது. கிலோவுக்குப் பத்து கிராம் சூடோமோனாஸ் கலந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைப்பது மூன்றாவது. மறுநாள் காலை தண்ணீரை வடித்து, 24 மணி நேரம் முளைகட்ட வைப்பது நான்காவது. முளைத்ததை நாற்றங்காலில் விடுவது ஐந்தாவது.

எந்தப் பாடத்துக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி என்று திட்டமிடும் வேலை எனக்கு வரவே இல்லை. விதையே அதை வைத்திருந்தது. சாயங்காலம் ஒன்று, அலசும் நேரத்தில் ஒன்று, இரவுக்கு ஒன்று, விடிந்ததும் ஒன்று. கேட்டது கைக்கு வந்துவிடுகிறது, மறப்பதற்குள் செய்தாகிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் முந்தையது நடந்ததா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டோம்; ஒப்பிக்கச் சொல்வதற்குப் பதில் அது.

இப்படி எல்லாவற்றையும் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கிளிஞ்சல்மேட்டிலோ பட்டினச்சேரியிலோ படகு இறக்கும் ஒருவருக்கு நாளைய அலை உயரத்தைக் குரலில் சொல்லலாம். புதுச்சேரி வீராம்பட்டினத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையம் 1990-களின் கடைசியிலேயே அலை உயரத்தை ஒலிபெருக்கியில் அறிவித்தது. அது தகவல், ஒரு வரியில் முழுதாகும். ஆனால் கடலின் நிறத்தையும் நீரோட்டத்தையும் பார்த்து இன்று போகலாமா என்று தீர்மானிக்கும் அறிவு, அப்பாவோடும் மாமாவோடும் பல பருவம் படகில் போனால்தான் வரும். அதைச் சுருக்கித் தருவதாகச் சொல்லும் பாடத்தை நான் எழுத மாட்டேன்.

விதைப் பாடத்திலும் அப்படி ஓர் இடம் இருந்தது. நாற்றங்காலின் சேறு எந்தப் பதத்தில் இருக்கும்போது முளைவிதையைத் தூவுவது? சேறு இளகலாக இருந்தால் விதை புதைந்துபோகும்; இறுகிவிட்டால் வேர் பிடிக்காது. கண்ணும் காலும் சேர்ந்து சொல்ல வேண்டிய அந்தப் பதத்தைக் குரலில் சொல்ல முயன்ற பகுதியை அப்படியே எடுத்துவிட்டோம். ஐந்தாம் பாடத்தின் கடைசி வரியில் இப்போது ஒரு கிழமையும், ஒரு நேரமும், யார் வயல் என்பதும் இருக்கின்றன. மதகில் தண்ணீர் வந்த பிறகு அந்தக் கிழமையை மட்டும் புதிதாகப் பதிவு செய்து சேர்ப்போம். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்குவார்கள். அங்கே பேசப்போவது அந்தப் பெரியவர்.