உவமையான தீயும் உண்மையான தீயும்

அணியிலக்கண வகுப்பில் உவமைக்கு எடுத்துக்காட்டுக் கேட்டால், மாணாக்கர் நாவில் முதலில் வந்து நிற்பது "செய்தி காட்டுத்தீ போலப் பரவியது" என்னும் தொடரே. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் அவ்வாறே கூற, "காட்டுத்தீயைக் கண்ணால் கண்டவர் இவ்வகுப்பில் எத்துணைப் பேர்?" என வினவினோம். கடைசி வரிசையிலிருந்து மலையடிவார ஊர் மாணவர் ஒருவர் மட்டும் எழுந்தார். "ஐயா, செய்தி நாலு பக்கமும் பரவும். தீ மேடு பார்த்துத்தான் ஏறும்" என்றார். வகுப்பு நகைத்தது. யாம் நகைக்கவில்லை. அவர் கூறியது மெய்யென்பதை யாம் அறிவோம். அறிந்த விதத்தை மட்டும் இதுகாறும் எவரிடமும் கூறியதில்லை. இம்மலரில் கூறத் துணிகின்றோம்.

யாம் பிறந்து வளர்ந்தது, இன்று தேனி மாவட்டம் எனப்படும் பகுதியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் அமைந்த ஒரு சிற்றூர். மாசி, பங்குனி மாத இரவுகளில் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுப்போம். எதிரே மலைச்சரிவில் செந்நிறக் கோடொன்று வளைந்து வளைந்து ஒளிரும். "மலை மாலை போட்டிருக்கு, பாருங்க" என்று பெரியோர் காட்டுவர். அந்த அழகைக் கண்டவாறே உறங்கிப்போவோம். அது எரிதல் என்று எமக்கு எவரும் சொன்னாரில்லை.

பதினொன்றாம் அகவையில், ஆடு மேய்க்கும் அண்ணன்மார் சிலருடன் ஒருநாள் சரிவேறினோம். முற்றிக் காய்ந்த புல்லை ஆடு கடிக்காது. அதனைக் கொளுத்திவிட்டால் அடுத்த மழைக்குப் பசும்புல் தளிர்க்கும். மேய்ப்பர் வழிவழியாக அறிந்த செய்தி இது. அன்று தீக்குச்சியை எம் கையில் கொடுத்தனர். பெருமிதத்தோடு கிழித்தோம். தாம்பாள அளவில் எரிந்த தீ, காற்றுத் திரும்பியதும் சரிவில் ஓடி ஏறிற்று. பச்சைத் தழை ஒடித்து அடித்தோம்; அடங்கவில்லை. மூன்று நாள் எரிந்தது.

சட்டையில் படிந்த புகை நாற்றம் எம்மைக் காட்டிக்கொடுத்தது. நான்காம் நாள் அத்தா எம்மை அங்கே அழைத்துச் சென்றார். அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. கரிந்த தூரொன்றன் அடியில் கவுதாரிக் கூடு இருந்தது. முட்டைகள் கருகிக் கிடந்தன. "இதத் திரும்ப வைக்க உன்னால முடியுமா?" என்று மட்டும் கேட்டார். அவ்வினாவுக்கு இன்றுவரை எம்மிடம் விடையில்லை.

பல்லாண்டுகள் கழிந்தன. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. மேற்கே மலைமீது புகை எழக் கண்டோம். "ஆண்டுதோறும் எரிவதுதானே!" என்று உடனிருந்தோரிடம் சொல்லிவிட்டுத் தேநீர் அருந்தச் சென்றோம். இரவில்தான் செய்தி வந்தது. போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில், சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்தும் மலையேற்றத்திற்கு வந்திருந்த முப்பதுக்கும் மேற்பட்டோர் தீயின் நடுவே சிக்கிக்கொண்டனர். அங்கேயே மாண்டவர்களும் மருத்துவமனைகளில் பின்னர் உயிர்நீத்தவர்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோரை அத்தீ கொண்டது. பெரும்பாலோர் இளம் வயதினர். அத்தீயை மூட்டியது எது என்னும் ஆராய்ச்சியில் யாம் இறங்கவில்லை. "ஆண்டுதோறும் எரிவதுதானே" என்ற எம் சொல்லே எம்மை வருத்திற்று.

தீ மேட்டை நோக்கி விரைவதற்குக் காரணம் எளிது. சரிவில் எரியும் சுடர், தனக்கு மேலுள்ள புல்லை நெருங்கிச் சாய்கிறது. சூடேறிய காற்று மேலெழுந்து அப்புல்லை முன்னரே உலர்த்திவிடுகிறது. சரிவு பத்துப் பாகை கூடுந்தோறும் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தீயணைப்போர் கொள்ளும் கணக்கு. மூச்சிரைக்க மலையேறும் மனிதரால் அதனை முந்த இயலாது. காட்டுத்தீயில் அகப்பட்டோர் மேல்நோக்கி ஓடலாகாது என்று கற்பிக்கப்படுவது இதனாலேயே.

இத்தீயை மூட்டுபவர் யார்? மூங்கில் உரசித் தீ எழுவதைச் சங்கப் பாடல்கள் பேசும். தினை விதைக்கக் குறவர் புனம் சுட்டதையும் அவை பேசும். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இடிமின்னல் பெருந்தீக்கு ஒரு முதற்காரணம். நம் நாட்டிலோ காட்டுத்தீயில் மிகப் பெரும்பகுதி மனிதக் கையால் மூள்வது. மேய்ச்சலுக்கு இட்ட நெருப்பு, தேனெடுப்போர் விட்டுச்சென்ற பந்தம், அணையாத பீடித்துண்டு, சுற்றுலாவினர் மூட்டிய அடுப்பு என அதன் தோற்றுவாய்கள் சிறியன. தீங்கு செய்யும் எண்ணம் பெரும்பாலும் எவருக்கும் இல்லை. யாம் கிழித்த குச்சியிலும் இல்லை.

ஆயின், பண்டும் நெருப்பு இட்டனரே, இன்று மட்டும் ஏன் கேடு மிகுகிறது? விறகு வேறு, வெப்பம் வேறு ஆகிவிட்டமையே காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக ஆங்கிலேயர் கொணர்ந்த உண்ணிச்செடி, இன்று நம் காடுகளின் அடிநிலத்தைப் புதராக மூடிக் கிடக்கிறது. தரையோடு தவழ்ந்து செல்லவேண்டிய தீ, அப்புதரை ஏணியாகப் பற்றி மரத்தின் முடிக்கு ஏறுகிறது. கருநாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர், ஆண்டின் தொடக்கத்தில் சருகை மட்டும் எரிக்கும் சிறுதீயை முறையாக இட்டு வந்தவர்கள். அவ்வழக்கம் தடுக்கப்பட்ட பின்னரே உண்ணிச்செடி பெருகிற்று என்பது அவர்கள் கூற்று. அறிந்தவர் கை இட்ட சிறுதீயை நீக்கினோம்; அறியாதவர் கை இடும் பெருந்தீக்கு வழிவிட்டோம்.

வெப்பமோ உலகு தழுவியது. வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைக் கொள்ளவல்லது. அந்த ஈரத்தை அது மண்ணிடமும் இலையிடமும் உறிஞ்சுகிறது. 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் பத்தாயிரம் ஏக்கருக்கும் மேல் எரிந்தது. 2023இல் கனடாவில் 1.5 கோடி எக்டேர் அளவில் காடு கரிந்தது. கடும் காட்டுத்தீகள் 2050க்குள் 30 விழுக்காடும், இந்நூற்றாண்டின் இறுதிக்குள் 50 விழுக்காடும் பெருகக்கூடும் என்று ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை எச்சரிக்கிறது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொன்னதைப் பாடமாக நடத்தி வந்தோம். அதனைக் கண்ணெதிரே காணும் காலம் வருமென்று எண்ணினோமில்லை.

தடுக்கும் வழி யாது? தீ எழுந்தபின் ஓடுவதில் பயன் குறைவு. நாடுகள் செலவிடுவதில் பாதிக்கு மேல் அணைப்பதற்கே போகிறது. திட்டமிடலுக்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவே என அவ்வறிக்கையே கூறுகிறது. காட்டைக் காக்கும் மாதம் பங்குனியன்று; மார்கழியும் தையுமே ஆகும். அப்பொழுதே தீத்தடுப்புக் கோடுகளைச் செதுக்கிச் சருகு நீக்கவேண்டும். உண்ணிப்புதரை வேரோடு களையவேண்டும். மேய்ப்பரைக் குற்றவாளியாக மட்டும் பாராமல், தீ வைக்காமலே தீவனம் கிடைக்க வழிசெய்து, அவரையும் மலைவாழ் மக்களையும் தீக்காவலராக்கிக் கூலி தரவேண்டும். செயற்கைக்கோள் காணும் தீயை இந்திய வன ஆய்வு நிறுவனம், பதிவு செய்துகொள்வோருக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. அடிவார ஊர்தோறும் சிலரேனும் பதிந்துகொள்ளலாம். ஒதுக்குக் காட்டில் தீ வைப்பதைத் தடுக்கும் சட்டம் 1882ஆம் ஆண்டு முதலே உண்டு. சட்டத்தை அறிந்த ஊர்தான் குறைவு.

வகுப்பில் எழுந்து நின்ற அம்மாணவர், அடுத்த தை மாதத்தில் நாட்டு நலப்பணித் திட்டத் தோழர் இருபதின்மரைத் திரட்டினார். வனப் பணியாளருடன் சேர்ந்து அடிவாரத்தில் தீத்தடுப்புக் கோடு செதுக்கச் சென்றனர். யாமும் மண்வெட்டியுடன் உடன் சென்றோம். நண்பகலுக்குள் எம் கை கொப்பளித்தது. அவ்வாண்டு அச்சரிவு எரியவில்லை. எம் கோட்டினால்தான் எரியவில்லை என்று உறுதி கூற இயலாது. எரியாத காடு எவருக்கும் சான்றிதழ் தருவதில்லை. அத்தா கேட்ட வினாவுக்கு அது விடையும் ஆகாது. கருகிய முட்டையைத் திரும்ப வைத்தல் எவர்க்கும் இயலாது. அடுத்த கூட்டைக் கருகாமல் காத்தல் இயலும்.

அன்பு மாணாக்கரே! உவமையாக மட்டும் காட்டுத்தீயை அறிந்த தலைமுறையாக நீவிர் இருத்தல் வேண்டாம். ஒரு தைத்திங்களில் ஒரு நாளை அடிவாரத்திற்குத் தாருங்கள். பெரியோர்களே! மலை மாலை சூடியிருக்கிறது என்று இனி நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டாதிருப்போம். மலை எரிகிறது என்றே சொல்வோம். அச்சொல்லைக் கேட்டு வளரும் பிள்ளை, கையில் தீக்குச்சியைத் தந்தாலும் சரிவில் நின்று கிழிக்காது.