இரண்டு அடித் தயக்கம்

ஒரு வீரன் வண்டியில் ஏறுமுன் இரண்டு அடி தயங்கினானா இல்லையா என்பது பற்றி அறிஞர்கள் கட்டுரை கட்டுரையாக வாதிட்டிருக்கிறார்கள் என்றால், இலக்கியத்தோடு தொடர்பில்லாதவர்கள் சிரிக்கக்கூடும். முதலில் நானும் சிரித்தேன். ப்ரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மத்தியகால பிரெஞ்சு இலக்கியம் கற்பித்த கார்ல் உயிட்டியின் ஆய்வுகளைத் தேடிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சிரிப்பு அடங்கியது.

வழக்கு இதுதான். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் க்ரெத்தியான் த த்ருவா பழைய பிரெஞ்சில் இயற்றிய கதைக்காவியம் 'வண்டி வீரன்'. கடத்திச் செல்லப்பட்ட அரசியைத் தேடி லான்ஸ்லோ போகிறான். எதிரே ஒரு குள்ளன் ஓட்டிவரும் வண்டி. குற்றவாளிகளை ஊரறிய இழிவுபடுத்த ஏற்றிச் செல்லும் வண்டி அது. ஏறினால் அரசியைப் பற்றிய செய்தி கிடைக்கும் என்கிறான் குள்ளன். அறிவு தடுக்கிறது, காதல் உந்துகிறது, ஏறிவிடுகிறான். பிறகு வாளையே பாலமாகக் கிடத்திய ஆற்றைக் கைகால் கிழியக் கடந்து, போரிட்டு, அரசியின் முன் வந்து நிற்கிறான். அவளோ முகங்கொடுத்துப் பேசவில்லை. வண்டிக் காட்சிக்கு ஏறத்தாழ 4,000 வரிகள் கழித்துத்தான் காரணம் வெளிப்படுகிறது. நீ இரண்டு அடி தயங்கினாய் என்கிறாள்.

இக்காவியம் எட்டுக் கையெழுத்துப் பிரதிகளில் நமக்குக் கிடைத்திருக்கிறது. அவற்றுள் சில சிதைந்தவை. ப்ரோவான் நகரத்துக் கியோ என்பவர் 13ஆம் நூற்றாண்டில் படியெடுத்தது புகழ்பெற்றது. இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. கியோவின் பிரதியில் வண்டிக் காட்சியில் தயக்கம் உண்டு. 'இரண்டு அடி' என்ற கணக்கு மட்டும் இல்லை. அந்தக் கணக்கு வேறு பிரதியில் இருக்கிறது. மாரியோ ரோக் 1958இல் கியோவையே பின்பற்றிப் பதிப்பித்தார். 1986இல் டேவிட் ஹல்ட், பின்னால் அரசி சொல்வதைப் படித்த யாரோ ஒருவர் முன்னால் கொண்டுபோய்ச் செருகியிருக்கலாம் என்ற ஐயத்தை எழுப்பினார். 1988இல் ஆல்ஃப்ரெட் ஃபூலேயும் உயிட்டியும் அதை மறுத்தார்கள். மறு ஆண்டு வெளிவந்த தங்கள் பதிப்பில் இரண்டு அடியை மூலத்திலேயே சேர்த்தார்கள். (நம் மொழியில் 'அடி' காலடிக்கும் செய்யுளடிக்கும் பொதுவாக இருப்பது தற்செயல்தான். ஆனாலும் இந்த வழக்குக்கு எத்தனை பொருத்தம்!)

சேர்த்தால் என்ன, விட்டால் என்ன என்று கடந்துபோக முடியவில்லை. முன்பே எண்ணிச் சொல்லிவிட்டால், அந்த இரண்டு அடிக்கு வாசகனும் சாட்சி. அரசி கேட்கும்போது அவனுக்கு வியப்பில்லை. கணக்கில்லாத கியோவின் பிரதியிலோ, லான்ஸ்லோவோடு சேர்ந்து நாமும் திடுக்கிடுகிறோம். யாரும் எண்ணாததை இவள் எப்படி எண்ணினாள்? அங்கே இல்லாதவளுக்கு யார் சொன்னார்கள்? எனக்குக் கியோவின் பிரதியே பிடித்திருக்கிறது. அது என் ரசனையே தவிர ஆதாரமாகாது என்பதும் தெரிகிறது.

உயிட்டியின் மீது எனக்கு மதிப்பு ஏற்பட்டது இதற்குப் பிந்திய செயலால். ஒரு பாடத்தைத் தேர்ந்து அச்சில் நிறுத்தியவர், 1990களில் எட்டுப் பிரதிகளையும் கணிப்பொறியில் ஏற்றும் பணியில் இறங்கினார். பிரதிகளின் படங்கள் ஒருபுறம். எழுத்துக்கு எழுத்துப் பெயர்த்த வடிவம் மறுபுறம். படியெடுத்தவரின் சுருக்கக்குறியை எங்கே விரித்தோம், எது மூலத்தில் உள்ளது, எது நாம் இட்டது என்பதையெல்லாம் குறிச்சொற்களால் அடையாளப்படுத்தும் முறை அது. எதுகை, மடக்கு போன்ற அணிகளையும் மனிதர்கள் படித்துப் படித்துத்தான் குறித்தார்கள். இயந்திரம் தேடித் தரும், அவ்வளவே. தன் பதிப்பை மறுப்பதற்கான சான்றுகளையும் தானே வரிசையாக வைத்துக்கொடுக்க ஒரு பதிப்பாசிரியருக்குத் துணிவு வேண்டும். அவர் 2003இல் மறைந்தார்.

1989இல் பிரான்சில் பெர்னார் செர்க்கிலினி, மத்தியகால எழுத்தின் இயல்பே பாடபேதம்தான், அதை அச்சுநூலைவிடக் கணிப்பொறித் திரையே நன்கு தாங்கும் என்று வாதிட்டார். இதை என்னால் பாதிதான் ஏற்க முடிகிறது. எட்டையும் ஒருசேர விரித்து வைத்துக்கொண்டு யாரும் அழுததில்லை. அன்று கதை கேட்டவனுக்குக் கிடைத்ததும் ஒரே ஒரு பிரதிதான். வாசிக்க ஒரு பாடம் வேண்டும். ஆனால் தேர்ந்தவன் எதை விலக்கினான் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இதை வகுப்பில் சொல்ல எனக்கு எளிது. இருபது ஆண்டுகளுக்கு முன் ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்காக ஓர் அம்மானைச் சுவடியைப் பெயர்த்தெழுதினேன். ஓரிடத்தில், எழுதியவர் ஒரே அடியை இருமுறை எழுதியிருந்தார். இரண்டாம் முறை ஒரு சொல் மட்டும் வேறு. கைப்பிழை என்று நானே தீர்மானித்து அதை விட்டுவிட்டேன். அடிக்குறிப்பும் இடவில்லை. உயிட்டியைப் படித்தபின் அந்தச் சொல்லை நினைவுகூர எவ்வளவோ முயன்றேன், வரவில்லை. சுவடி இருந்த வீட்டுக்கே போனேன். பெரியவர் காலமாகிவிட்டார். ஓலையெல்லாம் செல்லரித்துப் போனதால் ஓர் ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டுவிட்டதாக அவர் மருமகள் சொன்னார்.