கெய்ன் திருந்தினானா?

போன மாதம் தேக்கா சென்டரில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் கேட்டான். "ஃபைனல் ஃபேன்டஸி 4 வாங்கி பாப்பாவுக்கு விளையாடிக் காட்டிக்கிட்டிருக்கேன். முடியப் போவுது. அதுக்கப்புறம் ஒரு பார்ட் டூ இருக்காமே, நீ விளையாடியிருக்கல்ல? வாங்கலாமா, இல்ல வேஸ்ட்டா?"

ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் முடிந்திருக்க வேண்டிய கேள்வி. "யோசிச்சு சொல்றேன்" என்றேன். அண்ணன் என்னை விசித்திரமாகப் பார்த்தான்.

தெரியாதவர்களுக்காக: ஃபைனல் ஃபேன்டஸி 4 என்பது 1991 ஜூலையில் சூப்பர் ஃபேமிகாமுக்காக ஜப்பானில் வெளிவந்த ஆர்.பி.ஜி. கேம். பேரன் நாட்டு விமானப்படைத் தலைவன் செசில், அரசன் சொன்னதற்காக ஓர் ஊரைத் தாக்கி அதன் படிகக்கல்லைப் பிடுங்கிக்கொண்டு வருவதில் கதை தொடங்குகிறது. அந்தக் குற்ற உணர்விலிருந்து அவன் எப்படி மீள்கிறான் என்பதுதான் மீதி. அதுவரை வந்த பெரும்பாலான கேம்களில் கதை என்பது சண்டைக்கு ஒரு சாக்கு. இதில் ஆட்கள் துரோகம் செய்தார்கள், வெட்கப்பட்டார்கள், மன்னிப்புக் கேட்டார்கள்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அண்ணன் சுங்கை ரோடு திருட்டுச் சந்தையில் அதன் கேம்பாய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜை வாங்கி வந்தான். 2017 ஜூலையில் மூடப்பட்ட அந்தச் சந்தையில் பழைய கைக்கடிகாரம், ஒற்றைச் செருப்பு, யாருடையதோ கல்யாண ஆல்பம் என்று எல்லாம் கிடைக்கும். நாங்கள் அப்போது பஃபலோ ரோட்டில், தேக்கா சந்தையை ஒட்டிய புளோக்கில் இருந்தோம். அண்ணனும் நானும் அப்பாயியும் ஒரே அறை. கேம்பாயின் திரையோ உள்ளங்கை அளவு. அண்ணன் பிடித்து விளையாடுவான். வசனங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவான். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். தமிழில் சொன்னது அப்பாயிக்காக. தினமும் அரை மணி நேரம்தான். சரியாக ஒரு குகை வாசலிலோ, ஒருவன் மயங்கி விழும் இடத்திலோ நிறுத்தி, "இன்னைக்கு இவ்வளவுதான்" என்று மூடிவிடுவான்.

அப்பாயிக்கு இது பழக்கமான வேதனை. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் சிறுமியாக இருந்தபோது பொன்னியின் செல்வனை அவர் தொடராகக் கேட்டவர். வாசித்தவர் அவருடைய அண்ணன். கல்கி இதழில் 1950 அக்டோபரில் தொடங்கிய அந்தக் கதை 1954 மே மாதம்தான் முடிந்தது. அதற்குள் அப்பாயிக்குக் கல்யாணமாகிவிட்டது. போன ஊருக்குக் கல்கி வருவதில்லை. மீதிக் கதையைப் பொங்கல் சீர் கொண்டுவரும்போது அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போனாராம். "சீர் என்ன வந்துச்சுன்னு ஞாபகம் இல்ல. நந்தினி என்ன ஆனாங்கறது ஞாபகம் இருக்கு" என்பார்.

எங்கள் கேமில் அப்பாயிக்குப் பிடித்தது செசில் இல்லை, கெய்ன். செசிலின் நண்பன், ஈட்டி வீரன். செசிலின் காதலி ரோசாவை மனதுக்குள் விரும்புகிறவன். வில்லனின் மந்திரத்துக்கு ஆட்பட்டு நண்பனுக்குத் துரோகம் செய்கிறான். தெளிந்து திரும்பி வருகிறான். மறுபடியும் துரோகம் செய்கிறான். "இவன் அப்படியே பார்த்திபேந்திரன்" என்று அப்பாயி தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆதித்த கரிகாலனின் நண்பனாக இருந்துகொண்டே நந்தினியின் வலையில் விழுந்தவன் அல்லவா அவன்.

கேம் முடியும்போது செசிலுக்கும் ரோசாவுக்கும் முடிசூட்டு விழா. எல்லோரும் வருகிறார்கள், கெய்ன் வரவில்லை. எங்கோ ஒரு மலை உச்சியில் தனியாக நிற்கிறான். அண்ணன் கேம்பாயை மூடியதும் அப்பாயி கேட்டார்: "அந்தப் பய திருந்துனானா இல்லையா?"

"அவ்வளவுதான் அப்பாயி. கதை முடிஞ்சுது."

"அதெப்படி முடியும்?"

அதன் தொடர்ச்சியை, 'தி ஆஃப்டர் இயர்ஸ்' என்று பின்னால் அழைக்கப்பட்ட கேமை, ஸ்குவேர் எனிக்ஸ் 2008-ல் ஜப்பானியக் கைபேசிகளுக்காக அத்தியாயம் அத்தியாயமாக வெளியிட்டது. அடுத்த ஆண்டு வீ கருவிக்கு வந்தபோதும் அதே முறைதான். முதல் பகுதிக்கு ஒரு விலை, பிறகு ஒவ்வொரு பாத்திரத்தின் கதைக்கும் தனி விலை. எல்லாம் வாங்கினால் 3,700 வீ புள்ளிகள், அதாவது 37 அமெரிக்க டாலர். எங்கள் வீட்டில் வீ இல்லை. இப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அண்ணன் தேசிய சேவைக்குப் போனான். 2012-ல் அப்பாயி போய்விட்டார்.

2013 நவம்பரில் மொத்த அத்தியாயங்களும் ஒரே செயலியாகக் கைபேசிக்கு வந்தன. ஓ நிலைத் தேர்வு முடிந்த கையோடு இறக்கி, தனியாக, பத்தே நாளில் முடித்தேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். பெரும்பகுதி சலிப்பு. பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு நடக்கும் கதை. செசிலின் மகன் சியோடோர் வளர்ந்துவிட்டான், வானில் இன்னொரு நிலவு தோன்றியிருக்கிறது. ஆனால் குகைகள் அதே குகைகள், இசையிலும் நிறைய அதே இசை. அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு பழைய பாத்திரம் கிளம்பும், பழைய இடத்துக்குப் போகும், ஒரு மர்மப் பெண்ணிடம் தோற்கும். மென்பொருள் வேலைக்கு வந்தபின் எனக்கு இது கூடுதலாகப் புரிகிறது. இருக்கும் வரைபடத்தை மீண்டும் பயன்படுத்துவது மலிவு, துண்டாக விற்பது எளிது. துண்டுக்குத் துண்டு ஒரு சண்டை, ஒரு முடிச்சு வைத்தாக வேண்டும் என்பதால் கதை இழுபடுகிறது. ஒரே மூச்சில் விளையாடுகிறவனுக்கு அந்த முடிச்சுகள் வேகத்தடைகள் மாதிரி வந்துகொண்டே இருக்கும்.

ஆனால் கெய்னின் அத்தியாயம் வந்தது. அந்த மலையில் அவனுக்குள் இருந்த இருட்டு தனி ஆளாகப் பிரிந்து, இன்னொரு கெய்னாக இறங்கி வந்துவிட்டிருக்கிறது. அதற்கு இன்னமும் செசில் சாக வேண்டும், ரோசா வேண்டும். முகத்தை மறைத்துக்கொண்டு திரியும் அசல் கெய்ன் கடைசியில் அதன் எதிரே நிற்கிறான். ஜெயித்தபின், "நீயும் நான்தான்" என்று அதை ஏற்றுக்கொள்கிறான். அப்புறம்தான் அவனுக்கு வெளிச்சம்.

நான் கைபேசியை வைத்துவிட்டு அப்பாயியின் கட்டில் இருந்த பக்கம் பார்த்தேன். அங்கே அப்போது துணி காயப்போடும் ஸ்டாண்டு இருந்தது. பதில் கிடைத்துவிட்டது. கேட்டவர் இல்லை. யாரிடமும் சொல்லாமல் தூங்கிவிட்டேன்.

பொன்னியின் செல்வன் முடிந்தபோதும் வாசகர்கள் விடவில்லை. அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று கேட்டவர்களுக்காகக் கல்கி ஒரு முடிவுரையே எழுத வேண்டியிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அவர் இறந்துபோனார். பிறகு விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்று அதன் தொடர்ச்சியை எழுதினார். கல்கியின் ஆட்களை வேறொருவர் எழுதலாமா என்று முகம் சுளிப்பவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அந்தச் சுளிப்பு புரியும். ஆனாலும் திண்ணையில் காத்திருந்த ஒருத்தியின் பக்கத்திலிருந்து பார்த்தால், "அப்புறம்?" என்ற கேள்வி மூலக் கதையின் கௌரவத்துக்காக நின்றுவிடுவதில்லை.

ஆகவே என் கணக்கு இது. ஒரு தொடர்ச்சி, முதல் கதை நம்மிடம் விட்டுச்சென்ற ஒரு கேள்விக்காவது நேர்மையாகப் பதில் சொன்னால் அது வேஸ்ட் இல்லை. தி ஆஃப்டர் இயர்ஸ் ஒன்றுக்குச் சொல்கிறது. மற்றதெல்லாம் அதற்கு நாம் கொடுக்கும் வாடகை. அதை அத்தியாயமாகப் பிரித்தது தப்பு என்றும் இப்போது தோன்றவில்லை. காத்திருப்பதற்குக் கூட ஓர் ஆள் இல்லாமல் நான் அதை விழுங்கியதுதான் தப்பு.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் தேக்காவில் சந்தித்தோம். பாப்பா ஆப்பத்தைப் பிய்த்துத் தேங்காய்ப்பாலில் முக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்கு," என்றேன். "ஆனா வாரத்துக்கு ஒரு அத்தியாயம்தான். நீ தமிழ்ல சொல்லணும். போரடிக்கிற குகையெல்லாம் அவ தூங்கினப்புறம் முடிச்சு வச்சிரு."

"சரி. கெய்ன் என்ன ஆனான்னு மட்டும் எனக்கு இப்பவே சொல்லிடு."

சொன்னேன். பன்னிரண்டு வருடம் கழித்து, முதன்முறையாக ஒருவரிடம். மலை, முகமூடி, இருட்டு, எல்லாம். அண்ணன் டீயைத் தொடவில்லை. முடித்ததும், "அப்பாயி இருந்திருந்தா பார்த்திபேந்திரனுக்கு இந்தப் புத்தி வரலியேன்னு சொல்லியிருக்கும்" என்றான்.

பாப்பா நிமிர்ந்தாள். "சித்தப்பா, பார்த்திபேந்திரன் யாரு? அவரு எந்த கேம்ல வர்றாரு?"

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"இன்னைக்கு இவ்வளவுதான்," என்றான்.