கெண்டைக்காலை அழுத்திப் பார்



உங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் கண்டு அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறீர்களா? சேர்த்திருந்தால் என்னைப் போன்ற ஒருத்தியை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். நள்ளிரவில் கசங்கிய வெள்ளைக் கோட்டுடன் வந்து, பெயர் என்ன, வயது என்ன, எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டு எழுதிக்கொண்டு, நரம்பு கிடைக்காமல் கையில் இரண்டு மூன்று இடத்தில் குத்திவிட்டுப் போகிறவள். "பெரிய டாக்டர் எப்போ வருவாங்க?" என்று அவளிடமே நீங்கள் கேட்டிருப்பீர்கள். நியாயமான கேள்விதான். அந்தச் சின்ன டாக்டரின் கதையைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

நான் பேராக்கில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அப்பா பால்மரம் வெட்டினார். மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்ட பிறகு குலை வெட்டினார். அம்மாவுக்கு வெளிக்காட்டு வேலை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, டவுன் பள்ளிக்குப் போய், ஐந்து வருடம் மருத்துவம் படித்து முடித்தபோது, எங்கள் லயத்தில் எல்லோரும் நான் டாக்டர் ஆகிவிட்டேன் என்றுதான் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பட்டம் வாங்கிய கையோடு யாரும் தனியாக வைத்தியம் பார்த்துவிட முடியாது. முதலில் ஹவுஸ்மன் பயிற்சி. முன்பு அது ஒரு வருடம். 2008-லிருந்து இரண்டு வருடமாக்கினார்கள். நான்கு நான்கு மாதமாக ஆறு பிரிவுகளில் வேலை பார்க்க வேண்டும். 2010-ல் என்னை ஒரு மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முதல் பிரிவே பொது மருத்துவம். காய்ச்சல், சர்க்கரை, இருதயம், சிறுநீரகம் என்று கத்தி வைக்காமல் பார்க்கிற எல்லாமே அங்கேதான் வரும்.

அமெரிக்காவில் இதே பயிற்சியில் இருப்பவர்களை ரெசிடென்ட் என்பார்கள். 1889-ல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் வில்லியம் ஆஸ்லர் என்ற பெரிய வைத்தியர் இளம் டாக்டர்களை ஆஸ்பத்திரியிலேயே குடியிருக்க வைத்துப் பழக்கினார். குடியிருப்பவர் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். வெள்ளைக்காரன் நமக்கு விட்டுப்போன ஹவுஸ்மன் என்ற சொல்லுக்கும் அதே கதைதான். நாங்களும் ஏறக்குறைய அங்கேயே குடியிருந்தோம். ஷிஃப்ட் முறை 2011-ல்தான் வந்தது. அதற்கு முன் காலையில் போனால் அன்று இரவும் வேலை, மறுநாள் மாலை வரைக்கும் வேலை. 2016-க்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்கு நேரம் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் ஒப்பந்த வேலை, நாளைக்கு நிச்சயமில்லை. 2021 ஜூலை 26-ஆம் தேதி அவர்கள் கறுப்பு உடையில் வெளியே வந்து நின்றதை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கதையை வேறொரு நாள் பேசலாம்.

விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து எல்லா நோயாளிக்கும் ரத்தம் எடுக்க வேண்டும். எட்டு மணிக்கு நிபுணர் வருவார். கட்டில் கட்டிலாகப் போய், நோயாளியின் கதையை நாங்கள் ஒப்பிக்க வேண்டும். அசல் பெரட்டுக் களம்தான்! பெயர் கூப்பிடும்போது மண்டோர் முன்னால் அப்பா நின்ற மாதிரி நான் நிற்பேன். எங்கள் நிபுணர் ஒரு மலாய் அம்மையார். குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் பயம்.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம். இரவு பதினொரு மணிக்கு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வயது நாற்பத்திரண்டு. நான்கு நாளாகக் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி, வாந்தி. ரத்தத்தில் பிளேட்லெட் குறைந்திருந்தது. வார்டில் ஏற்கெனவே டெங்கி நோயாளிகள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். இவரும் டெங்கி என்று எழுதினேன். சலைன் ஏற்றச் சொன்னேன். தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று ஒரு வார்த்தை. அவரிடம் கேட்டு எழுதவில்லை. கையையும் காலையும் பார்த்து நானே எழுதிக்கொண்டது. இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள்.

காலையில் நான் ஒப்பித்து முடித்ததும் அம்மையார் கேட்டார்: "கூலி என்றால் என்ன வேலை?"

எனக்குத் தெரியவில்லை.

அவர் நோயாளியின் பக்கம் திரும்பி மலாயில் கேட்டார். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுவதாகச் சொன்னார். அம்மையார் அவருடைய கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். விழி சிவந்திருந்தது. வெள்ளையில் லேசாக மஞ்சள். பிறகு என்னிடம், "கெண்டைக்காலை அழுத்திப் பார்" என்றார். அழுத்தினேன். அந்த மனிதர் அலறிவிட்டார். கட்டிலடியில் தொங்கிய மூத்திரப் பையைப் பார்த்தேன். இரவு முழுவதும் சேர்ந்தது ஒரு மங்கு கூட இருக்காது.

எலிக்காய்ச்சல். எலியின் மூத்திரத்தில் இருக்கும் கிருமி, ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் கலந்து, கை காலில் உள்ள வெட்டுக் காயம் வழியாக உடம்புக்குள் போய்விடும். முற்றினால் மஞ்சள் காமாலை வரும், சிறுநீரகம் நின்றுபோகும். 1886-லேயே வைல் என்ற ஜெர்மன் டாக்டர் இதை எழுதிவைத்திருக்கிறார். தொடக்கத்தில் டெங்கியைப் போலவே இருக்கும். ஆனால் டெங்கிக்கு மருந்து கிடையாது, இதற்குப் பெனிசிலின் உண்டு. எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது.

செம்பனைக் காட்டில் எலி இருப்பது உங்களுக்குத் தெரியாதா என்ன? உதிர்ந்த பழத்தைத் தின்ன வரும் எலியைப் பிடிக்க, கம்பத்தின் மேல் ஆந்தைக்குக் கூண்டு கட்டி வைத்திருப்பார்களே! அந்தக் கூண்டுகளுக்குக் கீழேதான் நான் வளர்ந்தேன். செம்மண் சடக்கில் பள்ளிக்குப் போகும்போது அண்ணாந்து பார்த்துக்கொண்டே போவேன். கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்த அம்மையாருக்கு அந்தக் கேள்வி தோன்றியது. எனக்குத் தோன்றவில்லை. அம்மையார் என்னைத் திட்டவில்லை. "நீ எந்தத் தோட்டம்?" என்று மட்டும் கேட்டார்.

உடனே பெனிசிலின் போட்டோம். மதியத்துக்குள் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. எங்கள் தீவிரப் பிரிவில் கட்டில் காலி இல்லை. ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். அவர் மனைவி முன் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். அங்கே அவருக்கு டயாலிசிஸ் செய்தார்கள். சிறுநீரகம் மெல்ல மெல்லத் திரும்பி வேலை செய்தது. பிழைத்துக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மாள் ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் வார்டுக்கு வந்தார். "நீங்கதான் டாக்டரம்மா காப்பாத்துனீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மிஸ்ஸிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பழத்தை வாங்கிக்கொண்டேன்.

இரவு பதினொன்றிலிருந்து காலை எட்டு வரை ஒன்பது மணி நேரம். அந்த ஒன்பது மணி நேரத்தால் சிறுநீரகம் கெட்டதா, எப்படியும் கெட்டிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வருடக் கடைசியில் எலிக்காய்ச்சலை, கண்டால் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாகச் சட்டத்தில் சேர்த்தார்கள். எனக்கு அது ஏதோ என்னைப் பார்த்துப் போட்ட சட்டம் போலவே இருந்தது.

2014-ல் அதே ஆஸ்பத்திரிக்கு மருத்துவ அதிகாரியாகத் திரும்பி வந்தேன். நிபுணராக இரண்டு வழி உண்டு. பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் முதுகலை படிக்கலாம். அல்லது வேலை பார்த்துக்கொண்டே பிரிட்டனின் எம்.ஆர்.சி.பி. பரீட்சை எழுதலாம். நான் இரண்டாவது வழியில் போனேன். கட்டணம் பவுனில் கட்ட வேண்டும். அதை வெள்ளியில் மாற்றிப் பார்க்கிற நாளில் சோறு இறங்காது. எழுத்துப் பரீட்சை இரண்டு. மூன்றாவதில், அப்போதைய முறைப்படி, ஐந்து அறை, அறைக்கு இருபது நிமிடம். நிஜ நோயாளிகளைப் பரிசோதித்துக் காட்ட வேண்டும். முதல் முறை தோற்றேன். 2017-ல் மறுபடி போனேன்.

ஓர் அறையில் நோயாளி கிடையாது. நோயாளியின் மனைவியாக நடிக்க ஓர் அம்மாளை உட்கார வைத்திருந்தார்கள். உங்கள் கணவருக்குச் சிகிச்சை தாமதமாகிவிட்டது, தவறு எங்களுடையது என்று நான் அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் நடிப்புக்கு அழுதார், நான் நிஜமாகவே கண் கலங்கினேன். தேறிவிட்டேன்.

வெளிநோயாளி கிளினிக்கில் இரத்த அழுத்த மருந்து வாங்க அந்த மனிதர் மூன்று வருடமாக என்னிடம் வந்துகொண்டுதான் இருந்தார். மனைவியும் வருவார், வாழைப்பழமும் வரும். பரீட்சை முடிவு வந்த மறுமாதம் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். "அந்த ராத்திரி நீங்க என்ன வேலை செய்றீங்கன்னு நான் கேட்கல. கேட்டிருந்தா மருந்து ஒன்பது மணி நேரம் முன்னாடியே போட்டிருப்பேன்."

அவர் தரையைப் பார்த்தார். "நாலு நாள் காய்ச்சலோட நான்தானே வேலைக்குப் போனேன். பேர் போட்டாதானே சம்பளம்" என்றார்.

அந்த அம்மாள்தான் என்னை நேராகப் பார்த்தார். "இத்தனை வருஷமா பழம் கொண்டாந்தேனே, அப்பவே சொல்லியிருக்கலாமே, டாக்டரம்மா."

அடுத்த முறை பழம் வரவில்லை. அவர் மட்டும் உள்ளே வந்தார். அந்த அம்மாள் வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். அதற்கும் அடுத்த முறை உள்ளே வந்து, செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார். "ஊசி குத்துற மாதிரி இருக்கு, ராத்திரியில தூக்கமில்ல. பாருங்க" என்றார்.

என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன். உரம் போடும் வேலை என்றார். அங்கேயே விரலில் குத்திப் பார்த்தோம். சர்க்கரை 14 இருந்தது.