அயிரைக்கு மணலே போர்வை

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக எனப் பழைய மாணவர் சங்கத்து அன்பர்கள் கேட்டபொழுது, இலக்கியப் பொருளொன்றையே நாம் எழுதுவோம் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். தமிழாசிரியராகிய நாம் மீனைப்பற்றி எழுதப் புகுந்தமை சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், ஆசிரிய கலாசாலையில் நாம் கற்காது விட்ட பாடமொன்றை மஸ்கெலியாவில் ஒரு கண்ணாடித் தொட்டியின் முன்னின்றே கற்றோம். அதனை நம் கல்லூரிக் குடும்பத்தாரோடு பகிர்ந்து கொள்ளல் தகுமெனக் கருதுகின்றோம்.

மஸ்கெலியாவை அறியாதார்க்கு முதலில் ஒரு சொல். மவுசாக்கலை நீர்த்தேக்கம் 1960களின் இறுதியில் எழுந்தபோது பழைய நகரம் நீருள் மறைந்தது. இன்றைய நகரம் மேட்டுநிலத்திலே புதிதாக அமைந்தது. கடுங்கோடையில் நீர் வற்றுங்கால் பழைய கோயிலின் கற்கள் வெளிப்படும். மக்கள் திரளாகச் சென்று கண்டு கண்கலங்குவர். மழை பெய்து நீர் நிறைந்ததும் யாவரும் மறந்துவிடுவோம். அடியிற் கிடப்பதை நினைப்பதற்கு நமக்கு வறட்சி வரவேண்டியிருக்கின்றது.

2023ஆம் ஆண்டுத் தை மாதத்தில், நாம் பணிபுரியும் பாடசாலையில் வகுப்பறை மூலையிலே இரண்டடி நீளமுள்ள மீன்தொட்டியொன்றை அமைத்தோம். அதில் ஏற்கெனவே இரண்டு தங்கமீன்கள் இருந்தன. வவுனியாவிலுள்ள உறவினர் வீட்டுக்குச் சென்று மீண்ட மாணவனொருவன், அங்குள்ள ஓடையிற் பிடித்த அயிரைகள் ஆறினைப் பொலித்தீன் பையிற் கொணர்ந்து தந்தான். எமக்கோ பெருமகிழ்ச்சி. குறுந்தொகையின் 128ஆம் பாட்டிலே பரணர், முதிர்ந்த நாரையொன்று தொண்டித் துறை அயிரையை விரும்பி ஏங்குவதைப் பாடியிருத்தலை எடுத்துரைத்தோம். ‘அயிர்’ என்பது நுண்மணலைக் குறிக்கும் பழஞ்சொல் என்றும், அயிரையின் பெயரோடு அதனைத் தொடர்புபடுத்தி எண்ணலாம் என்றும் விளக்கினோம். மாணவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர். நாமும் கடமை முடிந்ததென அமைந்தோம்.

இனி நாம் செய்த பிழைகளைக் கூறுவோம். அழகு கருதித் தொட்டியின் அடியிலே சாயமூட்டிய கருங்கற் சல்லியைப் பரப்பினோம். மாணவர் நன்கு காணும்பொருட்டு மறைவிடம் ஒன்றும் வையாது, வெயில் படும் சன்னலோரம் தொட்டியை நிறுத்தினோம். வெள்ளிதோறும் நீர் முழுவதையும் கொட்டி, கல்லையும் வடிகட்டியையும் தேய்த்துக் கழுவி, நகரக் குழாய்நீரை அப்படியே நிரப்பினோம். தூய்மையே நலம் என்பது எம் எண்ணம்.

மூன்றாம் வாரம் இரண்டு அயிரைகள் இறந்தன. நாம் பெரிதும் கவலவில்லை. தங்கமீன்கள் மேலே உலாவிக்கொண்டிருந்தன. அயிரையோ இயல்பாகவே அடியிற் கிடப்பது. எனவே தொட்டியில் குறையொன்றும் இல்லையெனத் துணிந்தோம். அடுத்த வாரம் மூன்றாவதும் இறந்தது.

அன்று இடைவேளையில் கடைசி வாங்கிலிருக்கும் மாணவனொருவன் தொட்டியருகே நின்றான். ஆண்டு முழுவதும் பத்துச் சொற்கூடப் பேசியறியாதவன். அவன் மெல்லச் சொன்னான்: “சேர், அயிரைக்கு மண்ணுதானே போர்வை. இது எதைப் போர்த்திக்கிட்டுத் தூங்கும்?”

அச்சொல் எம்மைச் சுட்டது. சொல்லின் பொருளை நாம் கரும்பலகையில் எழுதினோம். அவனோ அதனை மீனிடத்திற் கண்டான். அன்றுமுதல் தொட்டியின் முன் அமர்ந்து நோக்கலானோம்; நூல்களையும் தேடிப் படித்தோம்.

அடியில் வாழும் மீனின் நெருக்கீட்டை அறிதல் அரிது. ஏனைய மீன் அசைவற்றுக் கிடப்பின் உடனே ஐயுறுவோம்; இதற்கோ கிடத்தலே இயல்பு. எனவே வேறு குறிகளைக் காணல் வேண்டும். செவுள்மூடி விரைந்து விரைந்து அடித்தல் ஒன்று. துடுப்புகளை உடலோடு ஒடுக்கி வைத்தல் ஒன்று. நிறம் வெளிறுதல், உணவை நாடாமை, கல்லில் உடலை உரசுதல், கண்ணாடிச் சுவரோடு ஓயாது ஏறி இறங்குதல் ஆகியன பிற. வாயருகேயுள்ள மீசையிழைகள் தேய்ந்து குறுகுதல் மிகத் தெளிவான குறி. அவ்விழைகளாலேயே அது தடவியும் சுவைத்தும் இரை தேடுகின்றது. இவ்வினத்து மீன்கள் சில இடைக்கிடை மேலெழுந்து காற்றை விழுங்கிக் குடல்வழியாகவும் சுவாசிக்கும். அஃது இயல்பே. அடிக்கடி எழுமாயின் நீரில் ஒட்சிசன் குறைந்ததென்றோ, நீர் கெட்டதென்றோ கொள்ளல் வேண்டும்.

எம் தொட்டியில் எஞ்சிய மூன்றிலும் இக்குறிகளுட் பெரும்பாலன இருந்தன. நாம்தாம் காணவில்லை.

காரணங்களும் விளங்கின. மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகும். வடிகட்டியிலும் கல்லிலும் படியும் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், பின் நச்சுத்தன்மை மிகக் குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும். புதுத் தொட்டியில் இவை பெருகச் சில வாரங்கள் செல்லும். நாமோ வெள்ளிதோறும் அவற்றைத் தேய்த்துக் கழுவி, எஞ்சியதைக் குழாய்நீரின் குளோரினாலும் அழித்தோம். உண்ணாத உணவும் கழிவும் அடியிலேயே தங்குதலின் அங்கு வாழ்வனவற்றைக் கேடு முதலிற் சேரும். அதனோடு குளிரும் சேர்ந்தது. வெப்பமானியை இட்டு நோக்கியபோது காலையில் 16 பாகை செல்சியஸ். பிற்பகல் வெயிலில் 23. தங்கமீன் குளிரைத் தாங்கும்; தாழ்நிலத்து அயிரைக்கு அஃது ஆகாது. இடைவிடாத நெருக்கீட்டில் மீனின் குருதியிலே கோட்டிசோல் என்னும் ஓமோன் மிகும். சிறுபொழுது அஃது உயிர்காக்கும். நெடுநாள் நீடிப்பின் நோயெதிர்க்கும் வலிமையைக் குறைக்கும்.

திருத்தம் கடினமன்று. சல்லியை நீக்கி, ஆற்றின் நுண்மணலைப் பலமுறை அலசி இருவிரற்கடை உயரம் பரப்பினோம். உடைந்த மண்சட்டித் துண்டுகளைக் கவிழ்த்து மறைவிடம் அமைத்தோம். தங்கமீன்களைச் சீமெந்துத் தொட்டிக்கு மாற்றினோம். கண்ணாடித் தொட்டியைச் சன்னலைவிட்டு அகற்றினோம். வாரந்தோறும் நீரில் நாலிலொரு பங்கை மட்டும், குளோரின் நீக்கிய இளஞ்சூட்டு நீரால் மாற்றினோம். வடிகட்டியின் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசினோம். சிறு சூடாக்கியொன்றை இட்டு, நாளுக்கு ஒரு பாகையாக 24 வரை உயர்த்தினோம். உப்பையும் மருந்தையும் மிகுதியாக இடவில்லை. செதில் மிக நுண்ணிதாகிய இவ்வினம் அவற்றைத் தாங்காது. இரண்டாம் நாள் காலையில் தொட்டியைப் பார்த்தபோது அயிரை ஒன்றையும் காணவில்லை. திடுக்கிட்டோம். பின்னர் மணலுள்ளிருந்து இரு சிறு கண்கள் மட்டும் எம்மை நோக்கக் கண்டோம். மூன்றும் பிழைத்தன.

அயிரைக்கு விஞ்ஞானிகள் வழங்கும் பெயர் லெப்பிடோசெபலிக்திஸ் தெர்மாலிஸ். திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றிற் கிடைத்தமை பற்றி 1846இல் இப்பெயர் இடப்பட்டது. வெந்நீரில் மட்டும் வாழுமென்று கொள்ளல் வேண்டா; ஆயினும் மலைக்குளிருக்கு உரியதன்று என்பதை நினைவூட்ட அப்பெயர் போதும். ஒரு பெயர் மணலைச் சொன்னது. மற்றொரு பெயர் வெம்மையைச் சொன்னது. இரண்டும் எம் காதில் ஏறவில்லை. மாணவர்க்கு மற்றொன்றும் கூறுவோம். ஓடைகளிற் கண்டதையெல்லாம் பிடித்தல் ஆகாது. இதே இனத்தில், இலங்கையன்றி வேறெங்கும் இல்லாத மீனொன்றைத் தெரணியகல அவர்கள் 1956இல் விவரித்து, நம் நாட்டு இயற்கையியலாளர் ரொட்னி ஜொங்கிளாஸ் பெயரை அதற்கு இட்டார். அது இன்று அருகிவரும் இனம்.

மின்தடை நிலவிய நாள்கள் அவை. ஒருநாட் காலையில் அம்மாணவன் பழைய கம்பளியொன்றைக் கொணர்ந்து, “கரண்டு போனா இதைச் சுத்தி வைங்க சேர். அப்பாயி கொழுந்தெடுக்கப் போகையில போட்டுக்கிட்டது” என்றான். தொட்டியைச் சுற்றிப் போர்த்திவிட்டுத் திரும்பியபோதுதான், தை மாதக் குளிரில் அவன் மெல்லிய சட்டையோடு நிற்பதைக் கண்டோம். அவனிடம் கம்பளிச் சட்டை இல்லை. மறுவாரம் அவன் லயத்துக்குச் சென்று விசாரித்தபோது, தாய் வீட்டுப்பணிக்காக வெளிநாடு சென்று ஈராண்டாயிற்று என்றும், பாட்டியின் பார்வை மங்கியபின் சமையலும் பீலியில் நீரெடுத்தலும் அவன் பொறுப்பாயின என்றும் அறிந்தோம். முந்திய தவணையில் அவனது தேர்ச்சி அறிக்கையிலே நாம் எழுதியிருந்தது ஒரே சொல்: “அமைதியானவன்.”

அவ்வெழுத்தை நினைக்குந்தோறும் இன்றும் நாணுகின்றோம். தொல்லை தராத பிள்ளைக்குத் தொல்லை இல்லையென்று எண்ணியிருந்தோம். அதன்பின் அவனை முன்வாங்கில் இருத்தினோம். வேண்டியவற்றைச் சக ஆசிரியர் சிலர் சேர்ந்து செய்தோம். மீன்தொட்டியின் பொறுப்பையும் அவனிடமே விட்டோம். அவன் பேசுவது இன்னும் குறைவே. ஆனால் தொட்டியைப் பற்றிக் கேட்டால், மணிக்கணக்காகப் பேசுவான்.

இக்கல்லூரியின் கடைசி வாங்கிலே நாமும் ஒருகாலத்தில் அமர்ந்திருந்தோம். எம் முகத்தைப் பார்த்தே காலையுணவு உண்ணாமையை அறிந்த ஆசிரியர் ஒருவர் அன்று இருந்தார். அவர் எம்மைக் கண்டவாறு பிறரைக் காண எமக்கு இத்தனை ஆண்டுகள் வேண்டியிருந்தன. இன்று இங்கு பயிலும் மாணவரையும், கற்பிக்கும் ஆசிரியரையும் வேண்டுவது இதுவே: அமைதியாய் இருப்போரை நாள்தோறும் ஒருமுறையேனும் அருகிற் சென்று நோக்குக.

வளர்க நம் கல்லூரி!