ஊரார் கையில் ஒரு மின்நிலையம்

இலங்கையின் இரத்தினபுரி, கேகாலை மாவட்ட மலைச்சரிவுகளில் ஓடையோரமாக ஏறினால், மின்நிலையம் என்று சொன்னால் நம்ப முடியாத அளவுக்குச் சின்னதாக ஒரு கொட்டில் தென்படும். அதற்கு மேலே, ஓடைக்குக் குறுக்கே கல்லும் சிமென்டுமாக ஒரு தாழ்ந்த தடுப்பு. அங்கிருந்து சரிவை ஒட்டிப் போகும் வாய்க்கால், மணல் அடியில் தங்குவதற்கென்று கட்டிய தொட்டியில் முடிகிறது. தொட்டியிலிருந்து பி.வி.சி. குழாய் நேரே கீழிறங்கிக் கொட்டிலுக்குள் நுழைகிறது. குழாய் முனையில் பீறிடும் நீர் பெல்டன் சக்கரத்தின் கிண்ணங்களில் அறைய, சக்கரம் ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது. 1990களின் தொடக்கம் முதல் இப்படி இருநூறுக்கும் மேற்பட்ட நிலையங்களை இலங்கைக் கிராமத்தவர்கள் எழுப்பினார்கள். பார்க்கப் போகிறவர்களின் கண் முதலில் இயந்திரத்தில்தான் நிற்கும். ஆனால் அந்த இயந்திரத்தைச் சுற்றி ஊரார் அமைத்துக்கொண்ட ஏற்பாடே இவற்றின் உண்மையான சாதனை என்பது என் கருத்து. அந்த ஏற்பாட்டுக்கு அரசின் கொள்கையில் இடம் இல்லாமல் போனதால்தான் பல நிலையங்கள் பூட்டிக் கிடக்கின்றன.

அந்த ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்பது கணக்கைப் பார்த்தாலே விளங்கும். நொடிக்கு 20 லிட்டர் நீர் 50 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் அதில் ஏறத்தாழ 10 கிலோவாட் சக்தி இருக்கிறது. குழாயின் உராய்விலும் சக்கரத்திலும் ஜெனரேட்டரிலும் போவது போக, பாதிதான் கைக்கு வரும். அந்த 5 கிலோவாட்டை 40 வீடுகள் பங்கிட்டால் வீட்டுக்கு 125 வாட்; சில விளக்குகளும் ஒரு தொலைக்காட்சியும் ஓடும். அதுவரை மண்ணெண்ணெய் விளக்கோடும், தொலைக்காட்சிக்காக டவுனுக்குத் தூக்கிப்போய்ச் சார்ஜ் ஏற்றிவந்த கார் பேட்டரியோடும் காலம் தள்ளிய வீடுகளுக்கு இது பெரிய மாற்றம். ஆனால் மாலை நேரத்தில் யாரோ ஒருவர் இஸ்திரிப் பெட்டியைச் செருகிவிட்டால் ஊர் விளக்கெல்லாம் மங்கிவிடும். ஆகவே பங்கீட்டுக்கு விதி வேண்டும், விதிக்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டும். அதற்காகத்தான் மின்நுகர்வோர் சங்கங்கள் உருவாயின. 1997-இலும் 2002-இலும் உலக வங்கி உதவியோடு தொடங்கிய திட்டங்களின் கீழ் வங்கிக் கடனை வாங்கியதும், மாதக் கட்டணம் வசூலித்ததும் இச்சங்கங்களே. வாய்க்கால் வெட்டியதும் குழாய் சுமந்ததும் சிரமதானம், அதாவது ஊரார் கூலியின்றித் தந்த உழைப்பு.

நிலையத்தை ஓட்டுபவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர். சங்கம் கொடுக்கும் சிறு தொகைதான் அவர் சம்பளம். மழை பிடித்தால் அவருக்கு உறக்கம் கிடையாது. தொட்டி வாயில் இருக்கும் கம்பி வலையைச் சருகு அடைத்துவிட்டால் நீர் வரத்து குறையும். இருட்டில் ஏறிப்போய்க் கையால் அள்ளிப்போட வேண்டும். மணலைக் கழுவிவிடத் தவறினால் அது சக்கரத்தின் கிண்ணங்களை அரித்துத் தின்னும். பல நிலையங்களில் ஜெனரேட்டராக இருப்பது கடையில் கிடைக்கும் சாதாரண இண்டக்ஷன் மோட்டார். கெப்பாசிட்டர்களைச் சேர்த்து மின்சாரம் தரும்படி செய்திருக்கிறார்கள். அதன் கம்பிச் சுருள் எரிந்தால் பக்கத்து டவுனில் மோட்டார் வைண்டிங் செய்பவரே சரிசெய்துவிடுவார். சக்கரமும் உள்நாட்டுப் பட்டறைகளில் வார்த்ததுதான். பழுது பார்க்கத் தெரிந்த கை அருகிலேயே இருக்கும்படி தொழில்நுட்பத்தைத் தேர்ந்தது, இந்த முயற்சியின் புத்திசாலித்தனங்களில் முதன்மையானது.

உரிமை யாரிடம் இருக்கிறது என்பது உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்களுக்கு மலையகமே பதில். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நூற்றுக்கணக்கான சிறு நீர்மின் இயந்திரங்கள் ஓடின. ஓடைகளும் இதே மாதிரி ஓடைகள், தத்துவமும் இதே தத்துவம். ஆனால் அந்த மின்சாரம் தேயிலைத் தொழிற்சாலையின் உருளைகளைச் சுழற்றியது. கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளர்களின் லயன் வீட்டு வரிசைகளில் தலைமுறை தலைமுறையாகக் குப்பி விளக்குதான் எரிந்தது. லக்சபான நீர்மின் திட்டம் 1950-இல் இயங்கத் தொடங்கி, பொது மின்வலையும் டீசலும் எளிதானபோது நிர்வாகங்கள் அந்த இயந்திரங்களைக் கைவிட்டன. அவற்றைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்க அங்கே உரிமையுள்ளவர் ஒருவரும் இல்லை.

கிராமத்து நிலையங்களை நோக்கி வரும் வலுவான எதிர்ப்பு இதுதான்: மின்சார சபையின் கம்பி வந்ததும் மக்களே அதற்கு மாறிவிட்டார்களே, பிறகு எதற்கு இந்தப் பரிவு? மாறியது உண்மை, அதில் தவறும் இல்லை. குளிர்சாதனப் பெட்டி வைக்க 125 வாட் போதாது, மலையில் பிறந்ததற்காக ஒருவர் குறைவோடு வாழ வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்குக் கம்பி வருவதும் நிலையத்தைப் பூட்டுவதும் தனித்தனி முடிவுகள். தனியாக ஓடுகிற நிலையத்தில் பகலிலும் நள்ளிரவிலும் மின்சாரத்துக்கு ஆளில்லை. மிஞ்சுவதைக் கட்டுப்பாட்டுக் கருவி ஒரு ஹீட்டருக்குத் தள்ளி வீணாக எரிக்கிறது. 5 கிலோவாட் நிலையம் நாள் முழுதும் ஓடினால் 120 யூனிட் தரும். மாலை விளக்குகளுக்கு அதில் ஒரு பங்கே போகிறது. பொது மின்வலையோடு இணைந்தால் வீணாகும் அத்தனையும் விற்பனைக்கு வரும். கம்பி வந்த நாள்தான் அந்த நிலையத்துக்கு நல்ல காலம் பிறந்த நாளாக இருந்திருக்க வேண்டும்.

இணைப்பில் ஆபத்து உண்டு என்று பொறியாளர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மின்தடை நேரத்தில் சிறுநிலையம் கம்பியில் மின்சாரம் செலுத்தினால் கம்பத்தில் ஏறும் தொழிலாளியின் உயிர் போகும். அதைத் தடுக்கும் ரிலேக்கள் இருக்கின்றன. ஏழைச் சங்கத்துக்கு அவற்றின் விலைதான் தடை. அந்தச் செலவைப் பொது நிதி ஏற்பதே முறை. நேபாளத்தின் நுவாகோட் மாவட்டத்தில் 23 கிலோவாட் திறனுள்ள ஸ்யாவுரேபூமி நிலையம் 2018-இல் தேசிய மின்வலையோடு இணைக்கப்பட்டது. சிறிது என்பது தடையல்ல என்பதற்கு அதுவே சான்று.

ஓடையை வற்றடிக்கும் என்ற அச்சத்தையும் ஒதுக்க முடியாது. தனியார் நீர்மின் திட்டங்கள் சில ஓடைகளில் நீண்ட தூரத்துக்கு நீரில்லாமல் செய்து, மீனினங்களையும் வயல்களையும் பாதித்திருக்கின்றன. ஊர்த் திட்டமும் கோடையில் குறிப்பிட்ட அளவு நீரை ஓடையில் விட்டேயாக வேண்டும், மின்சாரம் குறைந்தாலும் சரி. அதே ஓடையில் குளிப்பவர்களும் வயல் பாய்ச்சுபவர்களுமே சங்க உறுப்பினர்களாக இருப்பதால் அந்த விதியைக் கண்காணிக்க ஆள் இருக்கிறது. தொலைவில் இருக்கும் கம்பனியிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

ஆகவே அரசுகளிடம் கேட்க வேண்டியவை மூன்று. சங்கத்துக்கு ஓடை நீர் மீது சட்டபூர்வமான உரிமை. பொது மின்வலையில் விற்கக் கட்டுப்படியாகும் விலை. இணைப்புக் கருவிகளுக்கு மானியம். கடன் கட்டி, கணக்கு எழுதி, சண்டை தீர்த்து, இரவு மழையில் வாய்க்கால் காத்த ஓர் அமைப்பை ஊர் ஏற்கெனவே உருவாக்கி வைத்திருக்கிறது. அதைப் புதிதாகக் கட்டுவது டர்பைன் வாங்குவதைவிடக் கடினம். அது கலைந்துபோகும் முன் இந்த மூன்றும் கிடைக்க வேண்டும்.